எந்த மடையில் அடைப்பு?

கறுப்புத் திரையில் இரண்டே எழுத்து வந்து நிற்கிறது: எல், ஐ. அதற்கு மேல் அசைவில்லை. விசைப்பலகையைத் தட்டினாலும் பதிலில்லை. 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் லினக்ஸை நிறுவிப் பார்த்தவர்களுக்கு இந்தத் திரை பழக்கமானது. கணினி செத்துவிட்டது என்று நினைத்து ஸ்விட்சை அணைத்தவர்கள் பலர் இருப்பார்கள். ஆனால் அந்த இரண்டு எழுத்துக்குள் பாதி நோயறிக்கை இருந்தது. கணினியை எழுப்பிவிடும் அந்தச் சிறு நிரலின் பெயர் லைலோ. ஆங்கிலத்தில் எல், ஐ, எல், ஓ என்று நான்கு எழுத்து. அதை எழுதிய வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் பெயர் முழுவதையும் ஒரே மூச்சில் திரையில் காட்டாமல், ஒரு வேலை முடிந்தால் ஓர் எழுத்து என்று பிரித்து வைத்தார். முதல் கட்ட நிரல் வட்டிலிருந்து வந்து ஓடத் தொடங்கினால் முதல் எல். இரண்டாம் கட்டத்தை வட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்தால் ஐ. அந்த இரண்டாம் கட்டம் ஓடத் தொடங்கினால் அடுத்த எல். தேவையான அட்டவணையெல்லாம் ஒழுங்காகக் கிடைத்தால் கடைசி ஓ. ஆகவே எல், ஐ என்று நின்றால் பொருள் இதுதான்: வட்டு சுழல்கிறது, கேபிள் சரி, முதல் கட்டம் சரி, இரண்டாம் கட்டம் வந்தது, ஆனால் ஓடவில்லை. வட்டின் அளவுக் கணக்கில் பயாஸும் லினக்ஸும் முரண்படுகின்றனவா, அல்லது எழுப்பும் கோப்பை இடம் மாற்றிவிட்டு லைலோவுக்குச் சொல்லாமல் விட்டார்களா என்று பார்த்தால் போதும். ஆயிரம் சந்தேகம் இரண்டாகக் குறைந்துவிட்டது.

பழுதுபார்க்கும் திறமையை நாம் எப்போதும் ஆளோடு சேர்த்தே பேசுகிறோம். ‘அவர் கைராசிக்காரர், தொட்டால் சரியாகும்’ என்போம். அந்தத் திறமையில் பெரும்பங்கு இயந்திரத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம். தான் எந்த இடத்தில் நின்றது என்று சொல்லும் இயந்திரத்தைச் சாதாரண ஆள் சரிசெய்துவிடுவார். சொல்லாத இயந்திரத்தின் முன்னால் கெட்டிக்காரரும் கையைப் பிசைவார். சென்னையில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு அவ்வளவாக உறைக்காது. ரிச்சி தெருவுக்குப் போனால் ஆள் கிடைக்கும். பொன்னமராவதியிலோ அறந்தாங்கியிலோ இருப்பவருக்கு அப்படியில்லை. நிபுணர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ, அவ்வளவுக்கு இயந்திரம் வாய்திறந்து பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஊர்கள் இருக்கும் புதுக்கோட்டைச் சீமைக்கு இந்தத் தர்க்கம் புதிதில்லை. ஆற்றுப் பாசனம் குறைந்த வானம் பார்த்த பூமி. ஏரியும் கண்மாயும்தான் கதி. கண்மாய்க்குள் கல்தூண் நட்டு, மேலே நீரோடித் துளையும் அடியில் சேறோடித் துளையும் வைத்து, குமிழித்தூம்பு கட்டினார்கள். தூம்பு செய்து கொடுத்தவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நீர் பாய்ச்சுகிறவர் கண்மாயைப் பழிப்பதில்லை. வாய்க்கால் நடுவில் போய் நின்று பார்ப்பார். அங்கே தண்ணீர் ஓடினால் தூம்பின் மீதும் கண்மாயின் மீதும் இருந்த சந்தேகம் அந்த நிமிடமே தீர்ந்தது, அடைப்பு கீழே. அங்கேயும் வறண்டிருந்தால் மேலே நடக்க வேண்டும். பாதி, பிறகு அதில் பாதி. கணினிக்காரர்கள் இருகூறுத் தேடல் என்று பெரிய பெயர் வைத்திருப்பது இதைத்தான். இதற்கு ஒரே நிபந்தனை: வாய்க்கால் திறந்திருக்க வேண்டும். மூடிப் புதைத்த குழாயில் நடுவில் நின்று பார்க்க முடியாது.

டயல்-அப் இணையம் அப்படித் திறந்து கிடந்த வாய்க்கால். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பெருநகரங்களில் தொடங்கியது. சென்னைப் பயனர்களின் மின்னஞ்சல் முகவரியில் ஜிஐஏஎஸ்எம்டி01 என்றொரு துண்டு இருக்கும். எம்டி என்பது மெட்ராஸ், 01 என்பது அங்கிருந்த யூனிக்ஸ் இயந்திரத்தின் எண். குறைந்த கட்டணக்காரர்களுக்குக் கிடைத்தது ஷெல் கணக்கு: படமில்லை, எழுத்து மட்டும், லிங்க்ஸ் என்ற உலாவி. ஆக, விண்டோஸை மட்டுமே பார்த்திருந்த பல இந்தியர்கள் தொலைபேசி வழியாக முதன்முதலில் தொட்ட கணினி யூனிக்ஸ் கணினி. உள்ளூரில் இணைய முனை வரும்வரை 04322 என்று தொடங்கும் புதுக்கோட்டை எண்ணிலிருந்து அதை எட்ட எஸ்டிடி போட வேண்டும், மீட்டர் ஓடும். இணைப்பு நடுவில் அறுந்தால் போனது நேரம் மட்டுமல்ல.

அந்த இணைப்பு ஏன் அறுந்தது என்று புரிய, மோடம் போடும் கூச்சலைக் கேட்டாலே பாதி தெரியும். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போட்டது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே தொலைபேசி வலையமைப்பு கடத்தும். எண்களால் ஆன தகவலை இந்த இடுக்கு வழியாக அனுப்ப வேண்டுமானால் அதை ஒலியாக மாற்றிப் பாடவைக்க வேண்டும். மறுமுனையில் பாட்டைக் கேட்டு எண்ணாக்க வேண்டும். மோடம் செய்வது இதைத்தான். எதிர்முனை மோடம் முதலில் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாக ஊளையிடும். அந்த ஊளையின் அலை ஏறத்தாழ அரை நொடிக்கு ஒருமுறை தலைகீழாகத் திரும்பும். மனிதப் பேச்சில் எதிரொலியை அமுக்குவதற்காகத் தொலைபேசி வலையமைப்பில் வைத்த கருவிகளுக்கு அது ஓர் அறிவிப்பு: ‘பேசப்போவது மனிதரில்லை, விலகிக்கொள்.’ அதற்குப் பிறகு வரும் இரைச்சல் முழுக்கப் பேரம். எந்த அலைவரிசையில் கம்பி தெளிவாக இருக்கிறது, எங்கே மங்குகிறது, எந்த வேகம் தாங்கும் என்று இரு மோடமும் ஒன்றையொன்று சோதிக்கின்றன. ஸ்பீக்கரை அணைத்துவிட்டால் வீட்டில் நிம்மதி. ஆனால் இலவசமாகக் கிடைத்த சாட்சியையும் அதோடு அணைத்ததாக ஆகும்.

எந்த வேகம் தாங்கும் என்பதற்கு இயற்கை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 1948இல் கிளாட் ஷானன் நிறுவிய கணக்கு அது. கம்பியின் அலைவரிசை அகலம் 3,100 ஹெர்ட்ஸ், குறிப்பலை இரைச்சலைவிட 3,000 மடங்கு வலுவானது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஏறத்தாழ 36,000 பிட்டுக்கு மேல் பிழையின்றி அனுப்ப வழியே இல்லை. நல்ல கம்பியில் ஓடிய வி.34 மோடத்தின் உச்ச வேகம் 33,600. பொறியாளர்கள் எல்லைச் சுவரைத் தொட்டுவிட்டார்கள். அதே கம்பியில் இரைச்சல் பத்து மடங்கு கூடினால் வரம்பு 25,500 அளவுக்கு இறங்கிவிடும். மழைக்காலத்தில் கேபிள் ஜாயின்ட்டுக்குள் ஈரம் இறங்கினால் நடப்பது இதுதான். அப்போது கணினியில் எதை மாற்றினாலும் பயனில்லை. லைன்மேன்களின் பழைய சோதனைதான் உதவும்: ரிசீவரை எடுத்து, ஒரே ஓர் எண்ணை அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டு, காதில் வைத்துக் கேட்பது. கரகரவென்று கேட்டால் குற்றவாளி கம்பி.

பெட்டியில் 56கே என்று போட்டிருந்த மோடம் ஏன் கிராமத்தில் 28,800ஐத் தாண்டவில்லை என்ற புகாருக்கும் இங்கேதான் விடை. 1998இல் வந்த வி.90 தரம் ஷானனை ஏமாற்றவில்லை. கம்பியின் பெரும்பகுதி இப்போது கம்பியே இல்லை என்பதைப் பயன்படுத்திக்கொண்டது. டிஜிட்டல் தொலைபேசி நிலையம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக்குகிறது. அதில் 7 பிட்டை நம்பலாம் என்று கொண்டால் 8,000 பெருக்கல் 7, அதாவது 56,000. இணைய நிறுவனம் நேரடியாக டிஜிட்டல் இணைப்பில் உட்கார்ந்திருந்து, வாடிக்கையாளரின் உள்ளூர் நிலையத்தில் ஒரே ஒரு முறை மட்டும் எண் அலையாக மாறினால் இந்த வித்தை பலிக்கும். நடுவில் எங்காவது இன்னொரு முறை அனலாக்காகி மீண்டும் எண்ணானால் கணக்கு கெட்டது; மோடம் பேசாமல் வி.34க்கு இறங்கிவிடும். கிராமத்துச் சிறு நிலையத்துக்கும் நகரத்துப் பெரிய நிலையத்துக்கும் நடுவே என்ன இணைப்பு ஓடுகிறது என்பதே ஊரின் இணைய வேகத்தைத் தீர்மானித்தது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறை இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தது: வீட்டுச் சுவர்ப்பெட்டி வரை டிஜிட்டலாகவே கொண்டுவந்து 35 அல்லது 70 கிலோபிட் கொடுத்தது. மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 முதல் அதைக் கொண்டு இணைய மையங்கள் நடந்தன. மோடம் என்ற மடையையே எடுத்துவிட்டார்கள்.

கம்பி நன்றாக இருந்தும் மோடம் டயல் செய்ய மறுப்பது இன்னொரு வகை. ‘நோ டயல்டோன்’ என்று திரை சொல்லும். ரிசீவரை எடுத்தால் டோன் கணீரென்று கேட்கும். யார் பொய் சொல்வது? இருவருமே இல்லை. அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்த ஒலி. இந்திய டயல் டோன் 400 ஹெர்ட்ஸ். அதன் மேல் 25 ஹெர்ட்ஸ் அதிர்வு ஏறியிருக்கும், அதனால்தான் கொர்ரென்று கேட்கும். அமெரிக்கச் செவியோடு பிறந்த மோடம் சிலவற்றுக்கு இது டயல் டோனாகவே தோன்றாது. மருந்து ஒரே கட்டளை: ஏடிஎக்ஸ்3. டயல் டோனுக்காகக் காத்திருக்காதே, எண்ணைப் போடு, எதிர்முனை பிஸியா என்று மட்டும் கவனி என்பது அதன் பொருள். பழைய நிலையத்தில் டோன் முறை செல்லாவிட்டால் ஏடிடிடிக்குப் பதில் ஏடிடிபி. கடைசிக் கட்டளையில் மோடம் பழைய சுழல் டயல் மாதிரி டக்டக்கென்று துடிக்கும். 1981இல் டென்னிஸ் ஹேயஸின் நிறுவனம் மோடத்தோடு பேச வகுத்த மொழி இது. யூனிக்ஸ் சாயல் கணினியில் மினிகாம் என்ற நிரலைத் திறந்து, ஏடி என்று தட்டினால் மோடம் ஓகே என்று பதில் சொல்ல வேண்டும். அந்த ஓகே வாய்க்காலின் நடுப்புள்ளி. வந்தால் கணினி, போர்ட், கேபிள், மோடம் நான்கும் குற்றமற்றவை. தேட வேண்டியது தொலைபேசிப் பக்கம். வராவிட்டால் லைன்மேனைக் கூப்பிட்டுப் பயனில்லை.

ஓகே வராததற்குக் காரணங்கள் கணினிக்குள். யூனிக்ஸ் சாதனங்களையும் கோப்புகளாகவே பாவிக்கும். டெவ் என்ற அடைவுக்குள் டிடிஒய்எஸ்0 என்ற பெயரில் முதல் சீரியல் போர்ட் இருக்கும். விண்டோஸில் அதே போர்ட் காம்1. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதா, ஒன்றிலிருந்தா என்ற இந்த வேறுபாட்டில் எத்தனை இரவுகள் போயிருக்கும் என்று கணக்கில்லை. காம்1ம் காம்3ம் ஒரே குறுக்கீட்டு எண்ணைப் பங்கிட்டுக்கொள்ளும். மவுஸ் ஒன்றிலும் மோடம் மற்றதிலும் இருந்தால் மவுஸை அசைக்கும்போது இணைப்பு தடுமாறும். சாதனம் கோப்பு என்பதால் கோப்புக்குரிய அனுமதிகளும் அதற்கு உண்டு. நிர்வாகியாக நுழைந்தால் வேலை செய்யும் மோடம் சாதாரணப் பயனராக நுழைந்தால் செய்யவில்லை என்றால், அனுமதிக் குழுவில் பெயரைச் சேர்த்தால் தீர்ந்தது. நேற்று பாதியில் செத்த நிரல் தன் பூட்டுக்கோப்பை விட்டுப் போயிருந்தால், யாருமே பயன்படுத்தாத போர்ட்டை இயந்திரம் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று சொல்லும். எல்லாமே சில்லறைக் காரணங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியும்.

மோடம் கனெக்ட் என்று சொன்ன பிறகு பிபிபி என்ற நெறிமுறையின் ஆட்டம் தொடங்குகிறது. இரு முனையும் முதலில் இணைப்பின் நிபந்தனைகளைப் பேசி முடிக்கும். பிறகு பயனர் பெயரும் கடவுச்சொல்லும். பிறகு கணினிக்கு ஓர் ஐபி எண். மூன்றும் பதிவேட்டில் வரிவரியாக விழும். முதல் பேச்சிலேயே பதில் இல்லாவிட்டால் எதிர்முனையில் இன்னும் பிபிபி தொடங்கவில்லை. பெரும்பாலும் அங்கே பெயர் கேட்கும் திரை காத்துக்கொண்டிருக்கும். கடவுச்சொல்லில் நின்றால் எழுத்துப்பிழை. ஐபி எண்ணும் கிடைத்து, அப்படியும் தளம் திறக்காவிட்டால்? இணைய முகவரியைப் பெயரால் அழைக்காமல் எண்ணால் அழைத்துப் பார்க்க வேண்டும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ் முகவரி விடுபட்டிருக்கிறது. எண்ணுக்கும் வராவிட்டால் பாதையைப் பார்க்கலாம்: கணினியில் நெட்வொர்க் அட்டை ஏற்கெனவே இருந்து, வெளியே போகும் பாதை அதன் பெயரில் எழுதியிருந்தால், மோடம் திறந்த வாசலுக்கு ஒரு பாக்கெட்டும் வராது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சாட்சிகளும் சில சமயம் தவறாகப் பேசும். ‘கனெக்ட் 115200’ என்று மோடம் பெருமையடிக்கும்; அது கணினிக்கும் மோடத்துக்கும் நடுவிலுள்ள முழநீளக் கேபிளின் வேகம், தொலைபேசிக் கம்பியின் வேகமில்லை. எந்த மடைக்காரர் எந்த மடையைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்தே வாக்குமூலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூடிப் புதைத்த குழாய்க்கும் அதே காலத்தில் உதாரணம் உண்டு: வின்மோடம். விலையைக் குறைக்க மோடத்தின் மூளையை அட்டையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த வேலையை விண்டோஸுக்கான மூடிய மென்பொருளிடம் விட்டார்கள். லினக்ஸில் அந்த அட்டை வெறும் தகரம். ஏடி என்று கூப்பிட்டால் கேட்க ஆளே இல்லை. சிலவற்றுக்குப் பின்னாளில் ஓட்டிகள், அதாவது டிரைவர்கள், வந்தன. அவையும் இணையத்தில்தான் கிடைத்தன. இணையத்துக்குப் போக மோடம் வேண்டும், மோடத்துக்கு ஓட்டி வேண்டும், ஓட்டி இணையத்தில் இருக்கிறது. 33,600 வேகத்தில் 650 எம்பி குறுந்தட்டு ஒன்றை இறக்க 45 மணி நேரம் ஆகும் என்பதால், பிசி குவெஸ்ட் போன்ற இதழ்களோடு வந்த குறுந்தட்டுகள்தான் சிற்றூர்களுக்கு லினக்ஸைக் கொண்டுவந்தன. அந்தத் தட்டிலேயே மேன் பக்கங்களும் மோடம் வழிகாட்டியும் பிபிபி வழிகாட்டியும் உடன் வந்தன என்பதை நான் பெரிய விஷயமாக எண்ணுகிறேன். உதவி தொலைவில் இருக்கும் ஊருக்கு, உதவி நூல் இயந்திரத்துக்குள்ளேயே இருப்பதைவிடப் பெரிய சலுகை வேறு என்ன?

வட்டுக்கு வருவோம். அந்தக் காலப் பயாஸ் கணினி விழித்ததும் முதலில் படித்த இடம் வட்டின் முதல் 512 பைட்டுதான். அதில் 446 பைட் எழுப்பும் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் ‘இது செல்லும்’ என்ற முத்திரைக்கு. அட்டவணையில் ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட்; 64ஐ 16 ஆல் வகுத்தால் 4. அதனால்தான் நான்கு முதன்மைப் பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியவில்லை. பழைய பயாஸ் 1,024 சிலிண்டருக்கு அப்பால் பார்க்காது; 8.4 ஜிபிக்குப் பின்னால் லினக்ஸை வைத்தால் எழுப்ப ஆளில்லாமல் தூங்கும். வட்டின் தொடக்கத்திலேயே பூட் என்ற சிறு துண்டை ஒதுக்கும் வழக்கம் இந்தக் குறுகிய பார்வைக்காக வந்ததுதான்.

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றினால், தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளை நினைத்துக்கொள்ளலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸும் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. ‘எதற்கு இது, இடத்தை அடைக்கிறது’ என்று லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால் அடுத்த முறை கணினி எழாது. ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி மட்டும் நிற்கும். கணினியை எழுப்பும் நிரலான கிரப்பின் முதற்பகுதி வட்டின் தொடக்கத்தில் இருக்கும்; அது தன் மீதிப் பாதியை அழிந்துபோன பார்ட்டிஷனில் தேடி, அந்தப் பார்ட்டிஷன் இல்லை என்று அதே திரையில் சொல்லவும் சொல்கிறது. விண்டோஸும் படங்களும் ப்ராஜெக்டும் அப்படியேதான் இருக்கின்றன. விண்டோஸ் தட்டைப் போட்டு வட்டின் முதல் 446 பைட்டை மட்டும் புதிதாக எழுதினால் சில நிமிட வேலை. அந்த வரியைப் படிக்காத கடையில் கிடைக்கும் வைத்தியம் ‘ஃபார்மட் போட்டாச்சு’. மடையில் சிக்கிய கிளையை எடுக்கக் கண்மாயை உடைத்துவிட்ட கதை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். ஃபார்மட் போடுவது வேகமானது. எந்த மடை என்று தேடிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர் பத்துக் கணினிக்கும் ஒரே மாதிரிப் பிம்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கெட்டதை அழித்துப் புதிதாகப் போட்டால் அது புத்திசாலித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். அங்கே கணினியில் இழக்க எதுவும் இல்லை. ஆனால் இந்த முறை ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: கோளாறு மென்பொருளில்தான் இருக்கிறது என்று. வட்டின் செக்டர்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தால், ஃபார்மட் போட்ட மூன்றாம் வாரம் அதே கோளாறு திரும்பி வரும். நடுவில் சாட்சிகளையும் நாமே அழித்திருப்போம். வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்த்திருந்தால், மாற்ற வேண்டியது வட்டையா வேறெதையாவதா என்று தெரிந்திருக்கும்.

மின்வெட்டு இந்தக் கேள்வியை நம் பக்கம் கூர்மையாக்குகிறது. பழைய இஎக்ஸ்டி2 கோப்பு முறையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அடுத்த முறை எஃப்எஸ்சிகே என்ற நிரல் வட்டு முழுவதையும் அலசிப் பார்க்கும். பெரிய வட்டென்றால் அதுவே நெடுநேரம். 2001இல் லினக்ஸ் கருவுக்குள் வந்த இஎக்ஸ்டி3, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகே உரிய இடத்தில் எழுதியது. கரண்ட் வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்தால் போதும், எந்த வேலை பாதியில் நின்றது என்று தெரியும். லைலோவின் நான்கெழுத்தில் இருந்த அதே புத்தி: வேலையைத் துண்டாக்கு, ஒவ்வொரு துண்டும் முடிந்ததைப் பதிவுசெய். 2012 வாக்கில் தமிழக மாவட்டங்களில் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத காலத்திலும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து புதுக்கோட்டை மாவட்டம் இருளில் கிடந்த நாட்களிலும், இந்தக் குறிப்பேடு பொறியியல் அலங்காரமாக இருக்கவில்லை. குறிப்பேடு கோப்பு முறையின் ஒழுங்கைக் காக்கும். நீங்கள் சேமிக்காமல் விட்ட பத்தியைக் காக்காது. அதற்கு யூபிஎஸ்தான்.

இன்னொரு மறுப்பு மொழியைப் பற்றியது. இயந்திரம் வாய்திறந்து பேசினாலும் ஆங்கிலத்தில்தானே பேசுகிறது. ‘நோ கேரியர்’ என்றால் அறந்தாங்கிக் கடைக்காரருக்கு என்ன புரியும்? கேள்வியில் உண்மை இருக்கிறது. கேடிஇ, க்னோம் திரைகள் தமிழில் வந்துவிட்டன; 2012 முதல் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்குகிறது. ஆனாலும் பதிவேட்டு வரிகள் இன்னும் ஆங்கிலத்தில்தான் விழுகின்றன. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. எந்த டூவீலர் பட்டறையிலும் பிளக், கார்புரேட்டர், பாயின்ட், ஷார்ட் என்ற சொற்கள் தமிழாகவே புழங்குகின்றன. அவற்றைக் கற்க யாரும் ஆங்கிலப் பாடம் படிக்கவில்லை. பொருளைக் கையில் பிடித்துப் பார்த்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. மோடம் சொல்லும் விடைகள் பத்துக்குள் அடங்கும். டயல்டோன் இல்லை, பிஸி, கேரியர் இல்லை, கனெக்ட்: இந்த நான்கையும் ஒரு மாலையில் கற்றுவிடலாம்.

சாதாரண மக்களுக்கு உள்ளே நடப்பது எதற்கு, ஓட்டத் தெரிந்தால் போதாதா என்பது கடைசி மறுப்பு. 1991-92இல் இதே மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன் பாரில் குழந்தையை வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. அந்த இயக்கம் கற்றுக்கொடுத்தது ஓட்ட, பழுதுபார்க்க அன்று. ஆனால் சைக்கிள் எல்லாவற்றையும் வெளியே வைத்திருக்கும் வண்டி. செயின் கழன்றால் கண்ணுக்குத் தெரியும், குச்சியால் தூக்கி மாட்டிவிடலாம். ஓட்டுவதும் பார்ப்பதும் தனித்தனிப் படிப்பாகாமல் போனது இயந்திரத்தின் குணத்தால். கணினியில் அந்தக் குணத்தை யாராவது வேண்டுமென்றே வைத்தால்தான் வரும்.

டயல்-அப் போனது, அதன் உறுப்புகள் போகவில்லை. வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ரவுட்டர் இன்றும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைவது அதே பிபிபி வழியாகத்தான். ஈதர்நெட் மேல் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவே. ஹேயஸின் ஏடி கட்டளைகளோ வயலுக்கே வந்துவிட்டன. போர்வெல் மோட்டாரைச் செல்போனால் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்குள் இருக்கும் ஜிஎஸ்எம் மோடம் இன்னும் ஏடி என்றால் ஓகே என்கிறது. மோட்டார் ஓடவில்லை என்றால் பெட்டியைத் திறந்து, ஒரு மடிக்கணினியைச் சீரியல் கேபிளால் இணைத்து, ஏடி கூட்டல்குறி சிஎஸ்க்யூ என்று தட்டினால் சிக்னல் அளவு எண்ணாக வரும்: 0 முதல் 31 வரை, 31தான் உச்சம். 99 வந்தால் அளக்கும் அளவுக்கு எதுவும் காதில் விழவில்லை என்று பொருள், ஆன்டெனாவைப் பார்க்கலாம். 20க்கு மேல் நல்ல எண் வந்தும் மோட்டார் கேட்கவில்லையா? அடுத்து சிஆர்இஜி என்று கேட்க வேண்டும். விடையில் 1 இருந்தால் டவர் சேர்த்துக்கொண்டது, 2 என்றால் இன்னும் தேடுகிறது, 3 என்றால் டவர் மறுத்துவிட்டது. 3 வந்தால் பம்பையும் பெட்டியையும் பிரிக்குமுன், சிம்முக்குக் கடைசியாக எப்போது ரீசார்ஜ் செய்தார்கள் என்று வரப்பில் நிற்பவரைக் கேட்கலாம்.